அது அழுக்கு இல்ல, பாப்பா

போன மாசம் எங்க அண்ணன் வீட்ல பால்காய்ப்பு. விடியக்காலை அஞ்சு மணிக்குப் பால் பொங்கி, எட்டு மணிக்குள்ள பந்தி முடிஞ்சு, பத்து மணிக்கு ஆளாளுக்குப் புது வீட்டுத் தரையில காலை நீட்டிட்டு உக்காந்தாச்சு. நல்ல கூட்டம், நல்ல பேச்சு.

ஒரு பதினோரு மணி இருக்கும். பாத்ரூம்ல ரொம்ப நேரமா தண்ணி விழுற சத்தம். அரைமணி நேரம் தாண்டிடுச்சு. யாரு இவ்ளோ நேரம்னு போய்க் கதவைத் தட்டினேன்.

உள்ள இருந்தது அண்ணன் மக. 12 வயசு, ஏழாவது படிக்கிறா. (பேரு வேணாம். இங்க அவ பாப்பா. நேர்ல அப்படிக் கூப்பிட்டா இப்பல்லாம் ஒரு முறைப்பு முறைக்கிறா.)

கதவு திறந்ததும் எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

கழுத்து சுத்தி செக்கச்செவேல்னு இருக்கு. கையில பீர்க்கங்காய் நார். சோப்பு வைக்கிற இடத்துல பிழிஞ்சு போட்ட எலுமிச்சம்பழ மூடி, கொஞ்சம் கல்லுப்பு. பின்கழுத்துல ரெண்டு இடத்துல தோல் உரிஞ்சு ரத்தம் கசியுது.

"என்னடி பண்ணி வச்சிருக்க?"

"அழுக்கு போகவே மாட்டேங்குது அத்தை."

அழல. அதுதான் எனக்கு இன்னும் தாங்கல. கணக்கு வரலேன்னு சொல்ற மாதிரி சாதாரணமா சொன்னா.

மடியில உக்கார வச்சு, தேங்காண்ணெய் தொட்டு வச்சுக்கிட்டே மெதுவா விசாரிச்சேன். காலையில தூரத்துச் சொந்தத்துல ஒரு பெரியம்மா, எல்லார் முன்னாடியும் அவ பின்னலைத் தூக்கிப் பாத்து, "என்னம்மா கழுத்தெல்லாம் கரியாட்டம் இருக்கு, தேய்ச்சுக் குளிக்க மாட்டியா? வயசுக்கு வரப்போற புள்ள"ன்னு கேட்டிருக்காங்க. சுத்தி இருந்தவங்க சிரிச்சிருக்காங்க. அவ்ளோதான். அஞ்சு செகண்டு சமாச்சாரம்.

அந்தப் பெரியம்மா கெட்டவங்க இல்ல. அதை முதல்லயே சொல்லிடணும். அன்னிக்கு விடியக்காலை நாலு மணிக்கே வந்து பொங்கல் பானைக்குப் பக்கத்துல நின்னவங்க அவங்கதான். கிளம்பும்போது பாப்பா கையில 500 ரூபா அமுக்கிட்டுப் போனாங்க. பாசமான மனுசி.

நம்ம வீடுகள்ல பொம்பளப் புள்ளைங்க மனசுல விழுற காயம் முக்கால்வாசி பாசமான மனுசங்க கையாலதான் விழுது. எனக்கு விழுந்ததும் அப்படித்தான்.

...

நான் வளந்தது விருதுநகர் பக்கம். வெயில் பத்திச் சொல்லவே வேணாம். எங்க வீட்ல நான் மட்டும் கொஞ்சம் கருப்பு. அண்ணன், அம்மா எல்லாம் மாநிறம். எங்க அப்பத்தா என்னை "ஏ கருப்பி"ன்னுதான் கூப்பிடும். கூப்பிட்டு, மடியில இருந்து பொரிகடலை எடுத்துக் குடுக்கும். அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. சத்தியமா இல்ல.

வருத்தம் வந்தது வேற ஒரு வார்த்தையில.

"கருப்பா இருந்தாலும் களையா இருக்கா."

என்னைப் பாராட்டினவங்க அத்தனை பேரும் இதைத்தான் சொன்னாங்க. மூக்கு முழி லட்சணம், நல்ல முடி, சிரிச்சா அழகு. எல்லாத்துக்கும் முன்னாடி அந்த "இருந்தாலும்". எட்டாவது படிக்கும்போதுதான் எனக்கு அந்த வார்த்தை புரிஞ்சுச்சு. தமிழ்ல அந்த ஒரு "லும்" போதும். ஏதோ குத்தம் பண்ணிட்டு வந்த மாதிரியும், இவங்க பெரிய மனசு பண்ணி மன்னிச்சுவிட்ட மாதிரியும் ஆயிடும்.

"குண்டா இருந்தாலும் சுறுசுறுப்பு." "குட்டையா இருந்தாலும் நல்லாப் படிப்பா." உங்க வீட்ல என்ன "இருந்தாலும்"னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. இல்லாத வீடு கம்மி.

எட்டாவதுல ஆண்டு விழா. கோலாட்டம் ஆட மூணு மாசம் பயிற்சி. எனக்கு அடவு எல்லாம் அத்துப்படி, மத்தவங்களுக்கு நான்தான் சொல்லிக் குடுப்பேன். விழாவுக்கு முந்தின நாள் என்னை முதல் வரிசையில இருந்து எடுத்து மூணாவது வரிசையில விட்டாங்க. காரணம் யாரும் சொல்லல. முதல் வரிசையில நின்ன நாலு பேரையும் பாத்தா காரணம் தன்னால தெரிஞ்சுது.

அன்னிக்கு ராத்திரி ஆரம்பிச்சது என்னோட வைத்தியம்.

கடலைமாவு. பயத்தமாவு. கஸ்தூரி மஞ்சள். பூலாங்கிழங்கு. பாலாடை. தக்காளிய வெட்டித் தேய்க்கிறது. உருளைக்கிழங்குச் சாறு. தோழி ஒருத்தி சொன்னான்னு தயிர்ல காப்பித்தூள் கூடக் கலந்து போட்டிருக்கேன். (நலங்குமாவு வாசம் இப்பவும் எனக்குப் பிடிக்கும். அது பாவம், அது மேல எனக்குக் கோவமே இல்ல.)

ஒம்பதாவதுல இருந்து செகப்பழகு க்ரீம். ஸ்கூலுக்குப் போற வழியில பொட்டிக்கடையில பாக்கெட் வாங்கி, அதை மூணு நாளைக்குப் பிரிச்சுப் பூசுவேன். கண்ணாடிக்குப் பக்கத்துல கைய வச்சு, கை நிறத்தோட முகத்தை ஒப்பிட்டுப் பாப்பேன். தெனமும். ரெண்டு வருசம் ஒரு புள்ளையோட காலை நேரம் இதுல போயிருக்கு. அந்த நேரத்துல நான் என்னவெல்லாம் படிச்சிருக்கலாம், எத்தனை கோலம் கத்துக்கிட்டிருக்கலாம்னு இப்ப நெனச்சா நெஞ்சு அடைக்குது.

இதுல பெரிய அடி எனக்கு 19 வயசுல விழுந்தது. அக்கா முறையில ஒருத்தங்க கல்யாணம். காலேஜ் தோழி ஒருத்தி ஒரு ட்யூபைக் காட்டி, "இதைப் போடு, பத்து நாள்ல பளிச்சுனு ஆயிடுவ"ன்னா. மெடிக்கல்ல போய்க் கேட்டேன். சீட்டு எதுவும் கேக்காம எடுத்துக் குடுத்துட்டாங்க.

அவ சொன்ன மாதிரியே பத்து நாள்ல பளிச்சுனு ஆயிட்டேன்! கல்யாண வீட்ல எல்லாரும் "என்னடி பூசுற"ன்னு கேட்டாங்க. வாழ்க்கையில முதல் தடவையா "இருந்தாலும்" இல்லாம என்னை அழகுன்னாங்க. அந்தச் சந்தோசத்துல அஞ்சு மாசம் பூசினேன்.

அப்புறம் முகம் எரிய ஆரம்பிச்சுது. வெயில்ல நடந்தா தீ பட்ட மாதிரி. க்ரீமை நிறுத்தினா ரெண்டே நாள்ல முகம் பூரா செவந்து, சின்னச் சின்னப் பருவா கிளம்புது. திரும்பப் பூசினா அடங்குது. தாடை ஓரத்துல பூனைமுடி. கன்னத்துல மெல்லிசா ரத்தக்குழாய் தெரியுது.

தோல் டாக்டர் ட்யூபை வாங்கிப் பாத்துட்டுச் சொன்னாங்க, "இது அழகு க்ரீம் இல்லம்மா. ஸ்டீராய்டு மருந்து."

இதை மட்டும் கொஞ்சம் நின்னு படிங்க, உங்க வீட்டுப் புள்ளைங்களுக்கும் சொல்லுங்க. பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன். இந்தப் பேர்ல எது ட்யூப்ல இருந்தாலும் அது ஸ்டீராய்டு. கரப்பான், சோரியாசிஸ் மாதிரி தோல் நோய்களுக்கு டாக்டர் நாள் கணக்குச் சொல்லிக் குடுக்கிற மருந்து. ஹைட்ரோகுவினோன் கலந்து வர்றதும் உண்டு. அது நிறத்தைக் குறைக்கிற மருந்து, அதுக்கும் கால அளவு இருக்கு. இதையெல்லாம் மாசக்கணக்கா முகத்துல பூசினா தோல் மெலிஞ்சு போகும், பரு வரும், முடி வளரும், நிறுத்தவே முடியாத மாதிரி ஆகும். இந்தப் பாதிப்பு நம்ம நாட்டுல எவ்ளோ சகஜம்னா, இதுக்குனே "ஸ்டீராய்டால் சேதமான முகம்"னு ஒரு பேர் வச்சதே இந்தியத் தோல் மருத்துவர்கள்தான். 2018ல மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு அட்டவணை ஹெச்சுக்குள்ள கொண்டு வந்துச்சு.

ஸ்டீராய்டு மட்டும் இல்ல. சில வெள்ளையாக்குற க்ரீம்ல பாதரசம் கலக்குறாங்க. 2023ல கேரளாவுல மலப்புரம் மாவட்டத்துல கிட்னி பாதிச்சு வந்தவங்களை ஆராய்ஞ்சப்போ, அவங்கள்ல பல பேர் பூசின செகப்பழகு க்ரீம்தான் காரணம்னு டாக்டருங்க கண்டுபிடிச்சாங்க. முகத்துல பூசினது கிட்னிக்குப் போயிருக்கு. லேபிள்ல கம்பெனி பேரு, தயாரிச்ச முகவரி, என்னென்ன கலந்திருக்குங்கிற விவரம் இல்லாத க்ரீமை வீட்டுக்குள்ளயே விடாதீங்க.

என் முகம் பழைய நிலைக்கு வர எட்டு மாசம் ஆச்சு. அந்த எட்டு மாசம் துப்பட்டாவால மூடிக்கிட்டுத்தான் காலேஜுக்குப் போனேன். பழைய கருப்புத் தோல் திரும்பி வந்த அன்னிக்கு, அதைத் தடவித் தடவிப் பாத்தேன். எரியல. வெயில்ல நிக்க முடிஞ்சுது. அந்தத் தோல் இத்தனை வருசம் எனக்கு எவ்ளோ வேலை பாத்திருக்குன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

...

சரி, பாப்பா கதைக்கு வர்றேன்.

மறுநாளே மதினியும் நானும் அவளைத் தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். டாக்டரம்மா டார்ச் அடிச்சுக் கழுத்தைப் பாத்தாங்க, அக்குளைப் பாத்தாங்க. தொட்டுப் பாத்தாங்க, வெல்வெட் மாதிரி கொஞ்சம் தடிப்பா இருந்துச்சு. நாற்காலியை இழுத்து அவளுக்கு நேரா உக்காந்து சொன்னாங்க.

"அது அழுக்கு இல்ல, பாப்பா."

பாப்பா நிமிந்து பாத்தா. "அப்போ தேய்ச்சாப் போகாதா?"

"போகாது. தேய்க்கத் தேய்க்க இன்னும் கருக்கும். இனிமே அந்த நாரைத் தூக்கிப் போட்ரு. எலுமிச்சம்பழம் ரசத்துக்கு மட்டும்."

அதுக்கு ஒரு பேர் இருக்கு. அக்கன்தோசிஸ் நைக்ரிகன்ஸ். சாப்பிடுற சாப்பாட்டைச் சக்தியாக்க நம்ம உடம்பு இன்சுலின் சுரக்குது. சில பேருக்கு அந்த இன்சுலினுக்கு உடம்பு சரியாக் காது குடுக்காது. அப்ப உடம்பு இன்னும் அதிகமாச் சுரக்கும். ரத்தத்துல இன்சுலின் கூடும்போது, கழுத்து, அக்குள் மாதிரி மடிப்புகள்ல தோல் செல்லுங்க வேகமாப் பெருகித் தடிச்சு, கருத்துப் போகும். சில குடும்பங்கள்ல காரணமே இல்லாமலும் வரும். எங்க வீட்ல அம்மாவுக்கு இருபது வருசமா சுகர், அண்ணனுக்கும் எல்லையில நிக்குது. அதனால ரத்தப் பரிசோதனை எழுதினாங்க. சுகர் நார்மல், இன்சுலின் மட்டும் கொஞ்சம் கூட.

யோசிச்சுப் பாருங்க. உடம்பு ஒரு தகவல் சொல்லுது, "உள்ள கொஞ்சம் கவனிங்க"ன்னு. நாம அதை அழுக்குன்னு சொல்லி நார் போட்டுத் தேய்க்கிறோம். எத்தனை வீட்ல எத்தனை அம்மா எண்ணெய் தேய்ச்சுக் குளிக்க வைக்கும்போது அந்தக் கழுத்தைத் திட்டிக்கிட்டே தேய்ச்சிருப்பாங்க! அவங்களும் பாவம்தான், அவங்களுக்கும் யாரும் சொல்லல.

டாக்டரம்மா பண்ணின இன்னொரு காரியத்துக்கு அவங்களுக்குக் கோயில் கட்டலாம். வெயிட்டு, டயட்டுங்கிற வார்த்தையையே பாப்பா முன்னாடி எடுக்கல. அவளை வெளிய மீன்தொட்டி பாக்க அனுப்பிட்டு எங்ககிட்ட சொன்னாங்க: "பொம்பளப் புள்ளைங்களுக்கு 8 வயசுல இருந்து 13 வயசுக்குள்ள உடம்பு மாற ஆரம்பிச்சிடும். இடுப்பு, தொடையில சதை போடும். அது வளர்ச்சி. அதைக் குண்டுன்னு சொல்லாதீங்க. பட்டினி போடாதீங்க. அவ தட்டை மட்டும் மாத்தாதீங்க, வீட்டுத் தட்டு எல்லாத்தையும் மாத்துங்க."

மதினி அப்பவே முடிவு பண்ணிட்டாங்க. பாட்டில் ஜூஸ் வீட்டுக்குள்ள வர்றதில்ல. ராத்திரி பரோட்டா பார்சல் மாசம் ஒரு தடவை (விருதுநகர்க்காரங்க, அதுக்கு மேல கட்டுப்பாடு எங்களால ஆகாது). சாயங்காலம் எல்லாரும் நடக்கிறாங்க, அண்ணன் உள்பட. அண்ணனுக்குத்தான் இதுல அதிக லாபம்.

...

உடம்புக்கு வைத்தியம் இப்படி ஈஸியாக் கிடைச்சிடுச்சு. மனசுக்குத்தான் நான் தட்டுத்தடுமாறிப் போனேன்.

முதல்ல, "நீ எவ்ளோ அழகு தெரியுமா"ன்னு தெனமும் சொன்னேன். அவ நம்பல. "நீ என் அத்தை, அப்படித்தான் சொல்லுவ"ன்னுட்டா.

அடுத்து, "அழகெல்லாம் முக்கியமே இல்லடா, அறிவுதான் முக்கியம்"னேன். "அப்போ ஏன் அத்தை கல்யாணத்துக்கு எல்லாரும் மூணு மணி நேரம் மேக்கப் போடுறாங்க?" பதில் சொல்லத் தெரியல. பொய் சொன்னா புள்ளைங்களுக்கு மோப்பத்துலயே தெரிஞ்சிடும்.

எங்க அப்பத்தா சொல்ற பழமொழியையும் சொல்லிப் பாத்தேன். கருப்பே அழகு, காந்தலே ருசி. "காந்தல்னா என்ன?"ன்னு கேட்டா. பால் பாத்திரத்துல அடியில பிடிக்கிறதுன்னேன். "உவ்வே"ன்னா. (நான் ஸ்டிக் காலத்துப் புள்ள!)

அப்புறம் ஒரு நாள் அறிவியல் புக்கை வச்சுக்கிட்டு உக்காந்தோம். தோலுக்கு நிறம் குடுக்கிறது மெலனின். அதைத் தயாரிக்கிற செல்லுக்குப் பேரு மெலனோசைட். வெள்ளைக்காரங்களுக்கும் நமக்கும் ஆப்பிரிக்காக்காரங்களுக்கும் அந்த செல்லுங்க எண்ணிக்கை ஏறக்குறைய ஒண்ணுதான். அதுங்க எவ்ளோ மெலனின் செய்யுது, எந்த வகை செய்யுதுங்கிறதுலதான் வித்தியாசம். சூரியனோட புற ஊதாக் கதிர் உள்ள போய் செல்லைக் கெடுக்காம இருக்க, மெலனின் குடை பிடிக்குது. நம்ம ஊரு வெயிலுக்கு நம்ம முன்னோருங்க உடம்பு பல்லாயிரம் வருசமாத் தச்சுக் குடுத்த சட்டை இது.

இதை அவ நம்பினா. ஏன்னா இதுல ஆறுதல் இல்ல, விவரம் இருக்கு. அன்னிக்கு ராத்திரி அவங்க அப்பாகிட்ட போய், "உனக்கும் எனக்கும் மெலனோசைட் ஒரே அளவுதான்ப்பா"ன்னு சொல்லிட்டு வந்தா.

இன்னொண்ணும் பண்ணினேன். 2015ல வந்த பிரேமம் படத்துல சாய் பல்லவி பருத் தெரியுற முகத்தோட நடிச்சதைக் காட்டினேன். அவங்க நம்ம கோத்தகிரிப் பொண்ணு. பின்னாடி செகப்பழகு க்ரீம் விளம்பரம் வந்தப்போ, வேணாம்னுட்டாங்க. "வேணாம்னா சொன்னாங்க? அவ்ளோ காசையுமா?"ன்னு பாப்பா நாலு தடவை கேட்டா. சென்னையில ஒரு பெண்கள் அமைப்பு 2009லயே "கருப்பு அழகு"ங்கிற பிரச்சாரத்தை ஆரம்பிச்சதையும் சொன்னேன். 1975ல இருந்து ஊரெல்லாம் வித்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020ல ஃபேர்ங்கிற வார்த்தையை எடுத்துட்டு க்ளோ அண்ட் லவ்லின்னு ஆனதையும் சொன்னேன். 45 வருசம் கழிச்சுத்தான் அந்த வார்த்தை போச்சு. கேள்வி கேட்டவங்க இருந்ததாலதான் அதுவும் போச்சு. கல்யாண வெப்சைட்டுகளுக்கு முன்னாடி பேப்பர் விளம்பரத்துல "சிவந்த நிறம்"னு போட்ட காலத்துல வளந்தவ நான். எனக்கு இது சின்ன விசயமாத் தெரியல.

ஆனா எல்லாத்தையும் விட வேலை செஞ்சது, நான் என் வாயைக் கட்டினதுதான்.

ஒரு ஞாயித்துக்கிழமை கண்ணாடி முன்னாடி நின்னு, வழக்கம்போல "ஐயோ, தொப்பையைப் பாரு, இந்தப் புடவையே கட்டக் கூடாது"ன்னேன். திரும்பிப் பாத்தா, பின்னாடி பாப்பா தன்னோட சட்டையை வயித்தோட ஒட்டிப் பிடிச்சுப் பக்கவாட்டுல பாத்துக்கிட்டிருக்கா.

பெரியம்மா மேல அவ்ளோ கோவப்பட்டேனே. நானும் அதே பாடத்தைத்தான் நடத்திக்கிட்டிருந்திருக்கேன், தெனமும், என் உடம்பை வச்சு.

அன்னிக்கு நிறுத்தினேன். மதினியும் நிறுத்தினாங்க. எங்க வீட்ல இப்ப ஒரு சட்டம்: யாரோட உடம்பையும் பத்தி, நம்ம உடம்பு உள்பட, பேச்சு கிடையாது. நோய்னா பேசலாம், டாக்டர்கிட்ட பேசலாம். பந்தியில, கூடத்துல, வாசல்ல கிடையாது. நல்லதும் வேணாம். "அட, மெலிஞ்சுட்டியே, சூப்பர்"னு சொன்னா, மெலியாத நாள்ல அவ சூப்பர் இல்லேன்னுதானே அர்த்தம்?

வெளிய இருந்து வர்றவங்களுக்கும் பதில் தயார் பண்ணி வச்சிருக்கோம். போன வாரம் அதே பெரியம்மா வந்தாங்க. "கழுத்து இன்னும் போகலியா"ன்னு ஆரம்பிச்சாங்க. "பெரியம்மா, அது அழுக்கு இல்ல. டாக்டர்கிட்ட காட்டிட்டோம். புள்ள முன்னாடி அதைப் பேச வேணாம், அவ மனசு கஷ்டப்படுது"ன்னேன். மரியாதையாத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம் மெதுவா, "என் கழுத்தும் இப்படித்தான் இருந்துச்சு. எங்க ஆத்தா செங்கலை வச்சுத் தேய்ச்சுவிடும்"னாங்க.

அவங்களுக்கு வயசு 68. சுகருக்கு மாத்திரை போடுறாங்க. அந்தச் செங்கலை இன்னும் மறக்கல.

நான் அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டேன். வேற என்ன சொல்ல?

...

பாப்பாவோட கழுத்து இன்னும் கருப்பாத்தான் இருக்கு. மாசக்கணக்கு ஆகும், முழுசா மறையாமலும் போகலாம்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. ஆனா நேத்து ஸ்கூல்ல கோகோ போட்டி. பின்னலைத் தூக்கிக் கொண்டை போட்டுக்கிட்டுப் போனா. மூணு பேரை அவுட்டாக்கினாளாம்.

உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். இனி எந்த விசேஷ வீட்லயாச்சும், ரொம்ப நாள் கழிச்சு ஒரு பொம்பளப் புள்ளையைப் பாப்பீங்க. வாய் திறந்ததும் கருத்துட்டியே, இளைச்சுட்டியே, குண்டாயிட்டியேன்னுதான் வரும். அதை விழுங்கிடுங்க. "இப்ப என்ன விளையாடுற, என்ன படிக்கிற, ஃப்ரெண்டு யாரு"ன்னு கேளுங்க. அவ சொல்ல ஆரம்பிப்பா. முழுசாக் கேட்டுட்டு வாங்க.